களை நடுவே ஒரு கனிக்கொடி

கைவிடப்பட்டுப் பிழைத்த கொடியொன்றின் வரலாற்றைச் சொல்ல விழைகிறேன்.

1920-களில் கலிபோர்னியாவில் ருடால்ப் பாய்சன் என்பார் ராஸ்ப்பெரி, பிளாக்பெரி முதலிய இனங்களைக் கலந்து புதுக்கொடியொன்றை வளர்த்தார். பின்னர் அம்முயற்சியைக் கைவிட்டு நிலத்தையும் விற்றுவிட்டார். அமெரிக்க அரசின் வேளாண்மை அறிஞர் ஜார்ஜ் டாரோவும், வால்ட்டர் நாட் என்ற உழவரும் தேடிச் சென்றபோது, களை மண்டிய அந்நிலத்தில் நலிந்த கொடிகள் சிலவே எஞ்சியிருந்தன. நாட் அவற்றைப் பெயர்த்துத் தம் தோட்டத்தில் நட்டுக் காப்பாற்றினார்.

கருஞ்சிவப்பான பெரிய பழம். பறித்தால் நடுத்தண்டும் உடன் வரும். ராஸ்ப்பெரியிலோ அது செடியிலேயே நின்றுவிடும். முதலாண்டில் தழைக்கும் கொடி மறு ஆண்டில்தான் காய்க்கும். காய்க்கவில்லையென்று அவசரப்பட்டு வெட்டலாகாது.

1930-களில் விற்பனைக்கு வந்த அப்பழத்திற்கு நாட் சூட்டியது பாய்சனின் பெயரையே. ‘இவன் தேறான்’ என்று முதலாண்டிலேயே நான் முடிவுகட்டிய மாணவர் சிலரை இக்கொடி எனக்கு நினைவூட்டுகிறது.