ஏற்காட்டில் சோலார் போட்டா அரசு எவ்வளவு தரும்? வரிச் சலுகை உண்டா?

சேலத்தில் வெயில் கொளுத்தும்போதும் ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கிவிடும். அங்கே மாடியில் சோலார் போட்டால் கட்டுப்படியாகுமா? அரசு பணம் தருமா?

வருமான வரியில் கழிக்கலாமா?

வீடுகளுக்கு முடியாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சோலார் செலவில் 25 சதவீதத்தை, 5,000 டாலர் வரை, மாநில வரியில் கழித்துக்கொள்ளலாம். இந்தியாவில் வீடுகளுக்கு வரிக்கழிவு இல்லை, நேரடி மானியம்தான். ஆனால், ரிசார்ட், காபி எஸ்டேட் போன்றவை தொழிலுக்காக சோலார் அமைத்தால் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானச் செலவாகக் காட்டலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது.

மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பிஎம் சூர்யா கர்' திட்டத்தில்,

1 கிலோவாட்: ரூ.30,000
2 கிலோவாட்: ரூ.60,000
3 கிலோவாட், அதற்கு மேல்: ரூ.78,000

5 கிலோவாட் போட்டாலும் அதே ரூ.78,000தான். திட்டக் காலம் 2026-27 நிதியாண்டு வரை.

மலைப்பகுதின்னா கூடுதலா கிடைக்குமா?

கிடைக்காது. வடகிழக்கு மாநிலங்கள், இமாச்சல், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர், லடாக், தீவுப் பகுதிகளுக்கு மட்டுமே 10 சதவீதம் கூடுதல். சேர்வராயன் மலைக்கும் சேலம் டவுனுக்கும் ஒரே மானியம்தான்.

பனியில் கரன்ட் வருமா?

வரும், ஆனால் குறையும். பேனலுக்குத் தேவை வெளிச்சம், வெப்பம் அல்ல. குளிர்ச்சியில் பேனலின் திறன் கொஞ்சம் கூடும். ஆனால் மேகமூட்டமான மழை மாதங்களில் உற்பத்தி சரிந்துவிடும். சில்வர் ஓக் நிழல் விழும் கூரையும் சரிப்படாது. 3 கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும்.

மின்தடையின்போது லைட் எரியுமா?

பலர் ஏமாறுவது இங்கேதான். பேட்டரி இல்லாத சாதாரண 'ஆன்-கிரிட்' அமைப்பு, லைன் போனதும் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. மரம் விழுந்து கரன்ட் போகும் மலைக் கிராமங்களில், பேட்டரியுடன் கூடிய 'ஹைப்ரிட்' அமைப்பு தேவையா என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். பேட்டரிக்குத் தனி மானியம் இல்லை.

யாருக்கு லாபம்?

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் முடித்துக்கொள்ளும் குடும்பத்துக்கு மிச்சமாக எதுவும் இல்லை. கடன் வாங்கிப் போட்டால் தவணைதான் சுமை. பில் பெரிதாக வரும் வீடுகளுக்கே லாபம்.

எப்படி விண்ணப்பிப்பது?

திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணுடன் பதிய வேண்டும். அதில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, இந்தியாவில் தயாரான பேனலையே பொருத்த வேண்டும். மின்வாரியம் நெட் மீட்டர் வைத்து ஆய்வு முடித்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். அதனால் முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அடமானமில்லாத வங்கிக் கடனும் உண்டு. 'மானியம் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது முன்பணம் கேட்டால், கொடுத்துவிடாதீர்கள்.