கிராணி கண்ட ஒடிசா குடியரசு

கிராணி என்ற சொல் இப்போது நம் பக்கம் வழக்கில் இல்லை. மலேயா தோட்டத்துக்குப் போய்வந்தவர்களை அறிந்த என் வயதுக்காரர்களுக்கு அது நினைவிருக்கும். துரைக்குக் கீழே உட்கார்ந்து கணக்கும் கடிதமும் எழுதும் குமாஸ்தாதான் கிராணி. வங்காளத்தில் 'கெரானி' என்பார்கள். சர்க்கார் ஆபீசில் ஃபைல் கட்டியே தலை நரைத்த என் போன்றவர்களுக்கு அந்தக் கெரானி பாட்டன் முறை.

அப்படி ஒரு பாட்டன்தான் சசி சந்திர தத்தர். கல்கத்தா ராம்பாகான் தத்தர் குடும்பத்தில் 1824இல் பிறந்தவர். அரசுக் கருவூலத்தில் கிளார்க்காக நுழைந்து, வங்காளத் தலைமைச் செயலகத்தில் தலைமை உதவியாளராக உயர்ந்தவர். ராய் பகதூர் பட்டமும் கிடைத்தது. ஆபீஸ் நேரம் போக மீதிப் பொழுதெல்லாம் எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில். பண்டைய உலகம், வங்காளம், இந்தியாவின் நேற்றும் இன்றும் என்று கனமான வரலாற்று நூல்கள். இத்தனைக்கும் நடுவே இன்று அறிவியல் புனைகதை ஆராய்ச்சியாளர்கள் தேடிப் படிக்கும் ஒரு சிறுகதையும் அவருடையது. பெயர் 'ஒடிசா குடியரசு: 20ஆம் நூற்றாண்டின் வரலாற்றிலிருந்து ஒரு பக்கம்'. கல்கத்தாவின் 'சாட்டர்டே ஈவ்னிங் ஹர்காரு' பத்திரிகையில் 1845 மே மாதம் வந்தது. அப்போது அவருக்கு 21 வயது இருக்கும்.

கதை இதுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு இந்தியாவில் அடிமைமுறையைச் சட்டமாக்குகிறது. ஒடிசாவின் மலைக்குடிகள் பீக்கூ பாரிக் என்ற தலைவன் பின்னால் திரண்டு போர் தொடுக்கிறார்கள். ஆங்கிலப் படை தோற்கிறது. ஒடிசா தனிக் குடியரசாகிறது. உண்மையில் கம்பெனி அரசு 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டத்தின் மூலம், அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்று அறிவித்திருந்தது. அந்த மை காய்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இதே அரசு இதைத் திருப்பிப் போடவும் செய்யும் என்று ஒரு இளைஞன் கதை கட்டுகிறான் என்றால், கெஜட் படித்த எவருக்கும் அதன் குத்தல் புரிந்திருக்கும்.

இயந்திரம் இல்லை, ராக்கெட் இல்லை, இது எப்படி அறிவியல் புனைகதை என்று கேட்கலாம். சிறு வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்கு உடனே மெர்சியே நினைவுக்கு வருகிறார். 1771இல் அவர் எழுதிய 'ஆண்டு 2440' நாவலில் ஒருவன் தூங்கி எழுகிறான். எழுந்து பார்த்தால் 2440ஆம் ஆண்டின் பாரிஸ். அங்கேயும் இயந்திர ஜாலம் பெரிதாக இல்லை, அரசாட்சிதான் மாறியிருக்கிறது. ஆனாலும் எதிர்காலக் கதைகளின் வரலாற்றில் அதற்கு முன்வரிசை இடம். ஆசிரியர் பெயர் போடாமல்தான் அச்சிட்டார்கள். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

சசி சந்திரருக்கு முன்னோடி வீட்டிலேயே இருந்தார். அதே குடும்பத்துக் கைலாஷ் சந்திர தத்தர், இந்து கல்லூரி மாணவர், 1835இலேயே '1945ஆம் ஆண்டின் 48 மணி நேரம்' என்று ஒரு கதை எழுதினார். அதில் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ச்சி நடக்கிறது, தோற்கிறது, தலைவன் கொல்லப்படுகிறான். பத்து வருஷம் கழித்து வந்த கதையில் கிளர்ச்சி ஜெயித்துவிடுகிறது.

ஏன் ஒடிசா? நம் கரிசல்காட்டு ஆட்களுக்கு இதை விளங்க வைப்பது சுலபம். கம்பெனி 1803இல் ஒடிசாவைப் பிடித்தது. அங்கே பைக்கா என்ற போர்க்குடிகள் படைச் சேவைக்கு ஈடாக நிலம் அனுபவித்துவந்தார்கள். நம் பாளையக்காரர்களின் வீரர்களைப் போலத்தான். அந்த நிலத்தில் கம்பெனி கை வைத்தது. 1817இல் குர்தாவில் பக்ஷி ஜகபந்து தலைமையில் பைக்காக்கள் எழுந்தார்கள். பிறகு 1835 முதல் 1837 வரை கும்சூர் மலைகளில் கோந்து மக்களோடு சண்டை. கல்கத்தாவில் பத்திரிகை படித்து வளர்ந்த பையன் காதில் இதெல்லாம் விழாமலா இருந்திருக்கும்?

இங்கே கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அந்தக் கதையைக் காப்பாற்றியது கும்மியும் கதைப்பாட்டும்தான். ஆபீஸ்களில் இருந்த நம் குமாஸ்தாக்கள் அதை எழுத முடியுமா? நடந்ததை எழுதினால் வேலை போகும். நடக்கப்போவதை எழுதினால் கதை என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சசி சந்திரர் கண்டுபிடித்த வழி இதுதான் என்பது என் எண்ணம். வரலாற்றாசிரியனுக்கு நேற்றைவிட நாளைதான் பாதுகாப்பான இடமாக இருந்திருக்கிறது.

இதற்கு அவரே சாட்சி. 1882இல் 'இந்தியாவின் காட்டுக்குடிகள்' என்ற நூல் லண்டனில் வெளிவந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் ஹொரேஷியோ பிக்கர்ஸ்டாஃப் ரௌனி. எழுதியது நம் கெரானிதான்! வெள்ளைக்காரப் பெயர் வைத்துக்கொண்டதும், மலைக்குடிகளை வெள்ளைக்காரன் பார்க்கிற மாதிரியே வகைப்படுத்தி வரிசையாக அடுக்குகிறார். கதையில் படை நடத்திக் குடியரசு கண்டவர்கள், வரலாற்று நூலில் 'காட்டுக்குடிகள்' ஆகிவிட்டார்கள். கடைசிக் காலத்தில் அவருடைய நூல்களை லண்டனில் தொகுத்தபோதும் வரலாறு ஒரு வரிசை, கற்பனை தனி வரிசை என்றே பிரித்தார்கள். நல்ல ஆபீஸ் பழக்கம், ஃபைலைக் கலக்கக் கூடாது அல்லவா. ஆனால் அவரே 'பெங்காலியானா' என்ற தொகுப்பில் 'ஒரு கெரானியின் வாழ்க்கை நினைவுகள்' என்ற கட்டுரையையும் ஒடிசா கதையையும் ஒரே அட்டைக்குள் வைத்திருந்தார். எனக்கு அந்தப் புத்தகம்தான் பிடித்திருக்கிறது.

1885இல் சசி சந்திரர் காலமானார். ஒடிசா தனி மாகாணமானது 1936 ஏப்ரல் 1 அன்று.

இன்னொரு செய்தி. சசி சந்திரரின் அண்ணன் தம்பி முறையில் ஒருவர் 1861இல் படகு விபத்தில் இறந்துபோக, அவர் பிள்ளைக்குச் சித்தப்பாவான இவரே காப்பாளரானார். அந்தப் பிள்ளைதான் ரமேஷ் சந்திர தத்தர். ஐ.சி.எஸ். தேறி, 1897இல் பணியிலிருந்து விலகி, 1902இல் இந்தியாவின் பொருளாதார வரலாற்றை எழுதத் தொடங்கியவர். கம்பெனி நில வரி குடியானவனை எப்படிக் கசக்கியது என்பதைச் சர்க்கார் அறிக்கைகளையே வைத்துச் சொன்னார். அவர் எதிர்காலத்துக்குப் போகவில்லை. இந்த நூலுக்குப் புனைபெயரும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த முதல் தொகுதியில் சென்னை ராஜதானியின் ரயத்துவாரிக்கும் நம் பாளையங்களுக்கும் இடம் இருக்கிறது.