சோலார் தொலைக்கண்காணிப்பில் மின்சிக்கனம்

மின்கம்பி எட்டாத இடங்களில் மழைமானிகளும் நீர்மட்டமானிகளும் சோலார் தகடு, பேட்டரி ஆகியவற்றின் துணையோடு இயங்கி, அளவீடுகளைக் கைப்பேசி வலையமைப்பு வழியே அனுப்புகின்றன. இத்தகைய நிலையம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதைத் தகட்டின் அளவைவிட, கருவி விழித்திருக்கும் நேரமே தீர்மானிக்கிறது.

அளப்பதற்கு ஆகும் மின்சாரம் சொற்பம். வாளி கவிழும் வகை மழைமானியில் 0.2 மி.மீ. அல்லது 0.5 மி.மீ. மழை சேர்ந்ததும் சிறு வாளி சாயும். அதிலுள்ள காந்தம் ரீட் சுவிட்சைக் கடக்கும்போது மின்தொடர்பு ஒரு கணம் மூடித் திறக்கும். உறங்கும் மைக்ரோகண்ட்ரோலர் அந்தத் துடிப்பில் விழித்து, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு மறுபடி உறங்கிவிடும். பேட்டரியைத் தின்பது மோடம்தான்.

4 வாட் இழுக்கும் 4ஜி ரவுட்டரை நாள் முழுதும் ஓடவிட்டால் 96 வாட்-மணி போகும். சிறிய யுபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியின் கொள்ளளவே 84 வாட்-மணிதான். ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் ஏறத்தாழப் பாதி. வெயிலில்லாத ஒரு நாளைக்கூட அது தாங்காது. மாறாக, மணிக்கு ஒருமுறை 30 நொடி விழித்து, சராசரியாக 1 வாட் எடுக்கும் மோடத்துக்கு நாளொன்றுக்கு 0.2 வாட்-மணி போதும்.

பலர் கணக்கை இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர், சுமை எதுவும் இல்லாதபோதே சுமார் 5 மில்லிஆம்பியர் எடுக்கும். நாளொன்றுக்கு 1.44 வாட்-மணி, உறங்கக் கற்ற மோடத்தின் செலவைப்போல் ஏழு மடங்கு! விடாமல் எரியும் எல்இடி, சார்ஜ் கண்ட்ரோலரின் சொந்தச் செலவு, எப்போதும் மின்சாரம் பாயும் அழுத்த உணரி ஆகியவையும் இதே வகை ஒழுக்குகள். ஓய்வுநிலையில் மிகக் குறைவாக எடுக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டரை வைப்பதும், உணரிக்கு அளக்கும் நேரத்தில் மட்டும் மின்சாரம் விடுவதும் பெரும் பலன் தரும். பேட்டரிக் கம்பியில் மல்டிமீட்டரைத் தொடராகச் சேர்த்து, உறக்கநிலை மின்னோட்டத்தைப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் களத்துக்கு அனுப்பக் கூடாது.

தரவை அனுப்பி முடித்ததும் மோடம் உடனே ஓய்ந்துவிடாது. இன்னும் ஏதேனும் வருமோ என்று வலையமைப்பு சில நொடிகள் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். 20 பைட் அளவீட்டுக்கும் இந்தச் செலவு உண்டு என்பதால், பல அளவீடுகளைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புவது நல்லது. பாதுகாப்பு இணைப்புக்கான சான்றிதழ்ப் பரிமாற்றமே சில ஆயிரம் பைட் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகத் தொடங்காமல் முந்தைய அமர்வைத் தொடர்வது மேல்.

கைப்பேசித் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபியின் 13ஆம் வெளியீட்டில் 2016இல் வந்த என்பி-ஐஓடி, எல்டிஇ-எம் ஆகிய வலையமைப்பு முறைகள் இத்தகைய கருவிகளுக்கென்றே வகுக்கப்பட்டவை. பிஎஸ்எம் என்னும் மின்சேமிப்பு முறையில், வலையமைப்பில் செய்த பதிவு அறாமலே மோடம் நெடுநேரம் உறங்கலாம். ஆனால் உறங்கும் கருவிக்கு வெளியிலிருந்து கட்டளை எட்டாது. மழைமானிக்கு அது குறையில்லை. மதகை இயக்கும் கருவிக்கு ஒத்துவராது. அங்கே குறித்த இடைவெளியில் மட்டும் அழைப்பைக் கேட்கும் இடிஆர்எக்ஸ் பொருந்தும். பிஎஸ்எம், இடிஆர்எக்ஸ் இரண்டுக்கும் கைப்பேசிச் சேவை நிறுவனத்தின் வலையமைப்பு இடம்கொடுக்க வேண்டும்.

சோதனை வருவது புயல் நாளில். தமிழகக் கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் மழைமானியின் தேவை உச்சம். வெயில் குறைவதும் அப்போதுதான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, சென்னையின் பல பகுதிகளில் கைப்பேசிச் சேவையே நின்றுபோனது. டவர் கிடைக்காத மோடம் விடாமல் தேடிக்கொண்டே இருந்தால், சில மணி நேரத்தில் பல நாள் சேமிப்பைக் கரைத்துவிடும். ஆகவே தோல்விக்குத் தோல்வி தேடும் இடைவெளியை 5 நிமிடம், 15 நிமிடம், 1 மணி என்று கூட்டி, அதுவரையிலான அளவீடுகளை நினைவகத்தில் காக்கும்படி நிரல் எழுத வேண்டும். சிக்னல் நலிந்த இடத்தில் மோடம் கூடுதல் திறனோடு அலைபரப்பும்; ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பவும் செய்யும். பெட்டிக்குள் இருக்கும் ஆன்டெனாவைக் கம்பத்தின் உச்சிக்கு மாற்றுவதும் மின்சிக்கனமே.

அடியோடு வடிந்த பேட்டரி, காலை வெயிலில் சற்றே ஏறும்போது இன்னொரு சிக்கல் எழும். 2ஜி மோடம் அலைபரப்பும் கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வோல்ட்டேஜ் சரிய, கருவி அணைந்து மறுபடி தொடங்கும், மறுபடி சரியும். மோடத்தருகே பெரிய கெப்பாசிட்டர் வைப்பதும், பேட்டரி 12.5 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் நிலைத்த பிறகே மோடத்துக்கு மின்சாரம் விடுவதும் இந்தச் சுழலை உடைக்கும்.