வழிகாட்டிய மாதரும் துணை நின்றோரும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மாண்ட்கமரி நகரில் 1955 டிசம்பர் 5 அன்று தொடங்கிய பஸ் பகிஷ்காரத்தை நினைப்போர் மார்ட்டின் லூதர் கிங்கையே முதலில் நினைப்பர். ஆயின் அதற்கு வித்திட்டவர்கள் கறுப்பின மாதர். மாதர் அரசியல் கழகத் தலைவி ஜோ ஆன் ராபின்சன், 1954 மே மாதத்திலேயே பகிஷ்காரம் நேரக்கூடும் என்று மேயருக்கு எழுதினார். ரோசா பார்க்ஸ் கைதான இரவில், கண்ணுறங்காமல் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களைச் சைக்ளோஸ்டைல் செய்தவரும் அவரே. பஸ்களில் இனப் பிரிவினையை ஒழித்த வழக்கின் வாதிகளாக இறுதிவரை நின்றவர்களும் நான்கு கறுப்பினப் பெண்களே.

இம்முயற்சிக்கு வெள்ளையர் சிலரும் துணை நின்றனர். நூலகப் பணியாளர் ஜூலியெட் மார்கன், உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் இப்போராட்டத்தைக் காந்தியடிகளின் உப்புச் சத்தியாக்கிரகத்தோடு ஒப்பிட்டார்; அதற்காக வசையும் மிரட்டலும் ஏற்றார். பாதிரியார் ராபர்ட் கிரேட்ஸ், நடந்து சென்றோரைத் தம் காரில் ஏற்றிச் சென்றார். அவர் இல்லத்தின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. மேயர் கண்டித்தும் இல்லத்தரசிகள் பலர் தம் பணிப்பெண்களைக் காரில் அழைத்துவந்தனர். தம் வீட்டு வேலை தடைப்படலாகாது என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது.

மார்கனும் கிரேட்ஸும் தலைமையை நாடவில்லை. போராட்டத்தின் போக்கைத் திருத்த முனையவுமில்லை. துன்புற்றோர் வகுத்த வழியில் உடன் நடந்து, அதன் விலையில் தம் பங்கையும் செலுத்தினர். 381 நாட்கள் நீடித்த அப்போராட்டம் துணை நிற்போருக்கு உணர்த்தும் இலக்கணம் இதுவே.