துறைமுக எழுதுவினைஞரும் முடிவுள்ள கூட்டங்களும்

வங்காள விரிகுடாக் கரையிலே திருகோணமலை இயற்கை அமைத்த துறைமுகம். சென்னையோ 1876ஆம் ஆண்டு முதல் மனிதர் அலைதடுப்பு மதில் எழுப்பி அமைத்த துறைமுகம். சென்னைத் துறைமுகக் கணக்குப் பகுதியில் 1912 மார்ச்சில், மாதம் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞராக அமர்ந்தவர் சீனிவாச இராமானுஜன். அவர்தம் மேதைமையைத் திருகோணமலைபோல் இயற்கையின் கொடையென்றே பலரும் கருதுவர். வரலாறு அதனை முற்றாக ஏற்பதில்லை.

4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 5 ஏழு வகையாகவும், 6 பதினொரு வகையாகவும் பிரியும். மக்மகோன் என்பார் 200 வரை கணித்த பிரிப்பு அட்டவணையைக் கேம்பிரிட்ஜில் நுணுகி நோக்கிய இராமானுஜன் ஓர் ஒழுங்கைக் கண்டார். 4, 9, 14 என ஐந்தைந்தாக ஏறும் எண்களின் பிரிப்புத் தொகைகள் 5ஆல் மீதியின்றி வகுபடும். 5 முதல் ஏழேழாக ஏறுவன 7ஆலும், 6 முதல் பதினொன்று பதினொன்றாக ஏறுவன 11ஆலும் வகுபடும். 5க்கும் 7க்கும் உரிய நிறுவல்களை அவர் 1919இல் வெளியிட்டார்.

இதே மூன்றெண்களும் ஜெர்மனியில் பீலிக்ஸ் கிளைனின் ஆய்வில் முன்னரே இடம்பெற்றிருந்தன. நேர்கோடொன்றுக்குப் புறத்தேயுள்ள புள்ளியூடாகப் பல சமாந்தரக் கோடுகள் செல்லும் தளம் அதிபரவளைவுத் தளமாகும். நான்கு முழுவெண்களால் குறிக்கப்படும் அத்தளத்து இயக்கங்கள் எண்ணிறந்தன. ஆயின், அம்முழுவெண்களை 7ஆல் வகுத்து மீதியை மட்டும் கொள்ளின் 168 இயக்கங்களே எஞ்சும். 5ஆல் வகுப்பின் 60. 11ஆல் வகுப்பின் 660. முடிவிலாக் கூட்டமொன்றின் முடிவுள்ள ஈவுக்கூட்டங்கள் இவை. மூன்று துளையுடைய வளைபரப்புக்கு 168க்கு மேற்பட்ட சமச்சீர்கள் இயலா என்பது 1893இல் ஹூர்விட்சு நிறுவிய தேற்றத்தின் விளைவாகும்.

பிரிப்புத் தொகைகளைத் தரும் தொடர் அவ்வியக்கங்களின்கீழ் வரையறுத்த விதிப்படியே மாறுவது. இராமானுஜன் ஒயிலர், ஜக்கோபி ஆகியோரின் சமன்பாடுகள் வழியே தம் முடிபை அடைந்தாராயினும், அவை நிலைகொள்ளும் களம் கிளைன் ஆராய்ந்த கூட்டமே. 1938இல் உவாட்சனும் 1967இல் அற்கினும் அவற்றை விரித்து நிறுவினர். ஐந்தும் அதற்கு மேற்பட்டதுமான பகா எண் ஒவ்வொன்றுக்கும் இத்தகைய வகுபடு ஒழுங்கு உண்டென 2000ஆம் ஆண்டில் கென் ஓனோ காட்டினார்.

எனவே இராமானுஜனின் கண்டுபிடிப்பு தனித்து நின்ற அற்புதமன்று. பலர் பங்குகொண்ட நீண்ட மரபின் பகுதி. அம்மரபுள் அவர் நுழைய வழி செய்தோரும் உளர். துறைமுக அலுவலகத்தில் நாராயண ஐயரும் பிரான்சிஸ் ஸ்பிறிங்கும் ஆதரித்தனர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா உதவியளித்தது. 1914இல் ஹார்டி கேம்பிரிட்ஜுக்கு வருவித்தார். மேதைமை அற்புதமெனின் சமூகத்துக்குக் கடமை யாதுமில்லை. இயற்கை ஆழம் வாய்ந்த துறைக்கும் இறங்குதுறை அமைப்போர் வேண்டும் என்பதே உண்மையாயின், அலுவலக மேசைகளிற் குனிந்திருப்போரை இனங்காணும் பொறுப்பு கல்விநிலையங்களைச் சாரும்.