கட்டும் களமும்: மேற்கு மலையோரத்தில் விளையாட்டுக் காயமும் வைத்தியமும்

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மலர்க் குழு நண்பர், "ஐயா, இந்தத் தடவை ஜைனமேட்டுக் கோயில் வேண்டாம், வேற ஏதாவது எழுதுங்க" என்றார். நியாயம்தான். மூன்று மலர்களில் அதையே எழுதியிருக்கிறேன். நான் பாலக்காட்டில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவன். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கடைக்கு வருகிற மருந்துச் சீட்டுகளில் பாதி அடி, சுளுக்கு, எலும்பு முறிவு இவற்றுக்கானவைதான். அதிலும் விளையாட்டில் பட்ட அடிதான் அதிகம். ஆகவே அந்த வரலாற்றையே எழுதலாம் என்று துணிந்தேன். நான் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்ல. படித்ததையும் கண்ணால் கண்டதையும் சொல்கிறேன்.

சேரர் களத்தில் ஊசி

நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த மண் பழைய சேர நாடு. சேரர்களைப் பாடிய பதிற்றுப்பத்தில் ஐந்தாம் பத்து, செங்குட்டுவன் மேல் பரணர் பாடியது. அதில் 42ஆம் பாட்டில் மார்பு கிழிந்த வீரரின் புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசி வருகிறது. குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்திப் பறவையைப் போல அந்த ஊசி புண்ணுக்குள் புகுந்து வெளியே வருகிறதாம். தைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்காதவருக்கு இந்த உவமை தோன்றியிருக்காது. புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாட்டு, காயம்பட்டவன் கிடக்கும் வீட்டைக் காட்டுகிறது. இரவ இலையும் வேப்பிலையும் செருகி, வெண்கடுகு தூவி, நறும்புகை போட்டு, காஞ்சிப் பண் பாடிக் காக்கிறார்கள். தைப்பது ஒருவர் வேலை. தேறும்வரை பக்கத்தில் இருப்பது ஊரார் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் வைத்தியம் என்பதை அப்போதே அறிந்திருந்தார்கள்.

சுசுருதர் சொன்ன எச்சரிக்கை

எலும்பு முறிவைப் பற்றி முறையாகப் பேசும் பழைய நூல் சுசுருத சம்ஹிதை. எலும்பு முறிவில் 12 வகை, மூட்டு நழுவலில் 6 வகை என்று அது பிரிக்கிறது. இழுத்தல், அமுக்குதல், பொருத்துதல், கட்டுதல் என்று நாலு படி சொல்கிறது. மருதம், ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் பட்டையும் மூங்கிலும் சிம்பு வைக்க உதவும் என்கிறது. குளிர்காலத்தில் ஏழு நாளைக்கு ஒருமுறை, மிதமான காலத்தில் ஐந்து நாளைக்கு ஒருமுறை, வெயில் காலத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டை மாற்ற வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. கட்டு தளர்ந்தால் மூட்டு நிலைக்காது. இறுகினால் வீக்கமும் வலியும் சீழும் வரும். நடுத்தரமாகக் கட்டு என்கிறது அந்நூல். இதை வாசகர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் அவையோடு தொடர்புடைய உக்ராதித்தியர் என்ற சமண முனிவர் 'கல்யாணகாரகம்' என்ற வைத்திய நூலைச் செய்தார். ஊனும் கள்ளும் தேனும் இல்லாமலே நோய் தீர்க்கலாம் என்பது அவர் கட்சி. பல கட்டு வைத்தியர்கள் முட்டை வெள்ளையில் பற்றுப் போடுவார்கள். எங்கள் வீட்டில் முட்டை ஏறாது. அம்மா உளுந்து மாவைக் குழைத்துத்தான் போடுவாள். துணி காய்ந்து இறுகிச் சிம்பைப் பிடித்துக்கொள்ள அதுவே போதும்.

தல்லும் எண்ணெயும்

பாலக்காட்டுப் பக்கம் பல்லசேனையில் ஓணத்தின்போது நடக்கும் ஓணத்தல்லைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு அணிகள் மோதும். விரித்த உள்ளங்கையால் மட்டுமே அடிக்கலாம். முட்டி மடக்கிக் குத்தக்கூடாது, உதைக்கக்கூடாது. அடி விழும் ஆட்டத்திலும் அடிக்கு ஓர் எல்லை உண்டு என்ற அறிவு அந்த விதியில் இருக்கிறது. களரியில் இது இன்னும் ஆழமானது. எந்த இடத்தில் அடித்தால் ஆள் விழுவான் என்று கற்றுக்கொடுக்கும் ஆசானே, விழுந்தவனை எழுப்பும் வைத்தியரும் ஆவார். சுசுருதர் 107 மர்மங்கள் சொன்னார். நம் சித்த மரபு 108 வர்மம் என்று கணக்கிடும்.

இந்த வைத்தியத்தில் கேரளத்தின் பெரிய கொடை முறிவெண்ணெய். தேங்காய் எண்ணெயில் புங்கன், வெற்றிலை, கற்றாழை, சின்ன வெங்காயம், முருங்கை, கல்யாண முருங்கை, தண்ணீர்விட்டான் கிழங்கு ஆகியவற்றோடு அரிசி கழுவின தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். விற்கிறவன் நான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடிபட்ட உடனே அந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கிறார்களே, அது தப்பு. உள்ளே கசியும் ரத்தம் அதிகமாகும். முதல் இரண்டு மூன்று நாள் தேய்க்காதே, சூடு காட்டாதே என்பது இன்றைய மருத்துவர் வாக்கு.

மூணாற்றில் நடந்தது

மூணாற்றில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே நடக்கும் பின்லே கோப்பைக் கால்பந்துப் போட்டி 1940களில் தொடங்கியது. கோப்பையின் பெயர், தோட்டங்களை நடத்திய ஜேம்ஸ் பின்லே நிறுவனத்தின் பெயர். ஆடியவர்களும் பார்த்தவர்களும் பெரும்பாலும் நம்ம ஆட்கள்தான். திருநெல்வேலி, மதுரைச் சீமையிலிருந்து மலையேறியவர்களின் பிள்ளைகள். பாதங்கள் உறைகிற மார்கழிக் குளிரிலும் மாலையில் பந்து உதைப்பார்கள்.

என் தம்பி 1984இல் மூணாறு பஜாரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். ஒரு சாயங்காலம் ஆட்டத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மறுநாள் கூலி போகுமே என்று யாரும் ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு கட்டு வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார். "வலிக்குதுங்க" என்றவனுக்கு, "வலிச்சாத்தான் எலும்பு கூடும்" என்று பதில். இரண்டாம் நாள் விரல்கள் மரத்தன. மூன்றாம் நாள் நிறம் மாறியது. தற்செயலாக வந்த ஒரு கம்பவுண்டர் விரலைத் தொட்டுப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் கத்தரியால் கட்டை அறுத்தார். அதே ராத்திரி ஜீப்பில் போடிமெட்டு வளைவுகளில் இறங்கி மதுரைக்குக் கொண்டுபோனோம். கால் பிழைத்தது. மூன்று விரல்கள் இன்றும் மடங்காது.

வெகுநாள் நான் நாட்டு வைத்தியத்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிற்பாடுதான் சுசுருதரின் வரியைப் படித்தேன். இறுக்கிக் கட்டாதே என்று அவர் எப்போதோ எழுதிவைத்துவிட்டார். இறுகின கட்டால் தசை செத்துக் கை மடங்கிப்போவதை ஜெர்மனியின் வோல்க்மன் 1881இல் விளக்கினார். மரபில் இருந்த எச்சரிக்கையை மரபின் பெயரால் தொழில் செய்தவர் மறந்ததுதான் பிழை.

கட்டு வைத்தியர் வீட்டிலிருந்து வந்த விஞ்ஞானம்

மேலைநாட்டிலும் கதை இதேதான். வேல்ஸ் நாட்டில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிய குடும்பத்தில் பிறந்தவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891). குடும்பத் தொழிலை விடாமல், முறையாக மருத்துவமும் படித்து, லிவர்பூலில் கப்பல்துறைத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். அவர் செய்த இரும்புச் சட்டத்தை அவருடைய மனைவியின் உறவினரான ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப்போரில் பரப்பினார். தொடை எலும்பு முறிந்த சிப்பாய்களில் நூற்றுக்கு எண்பது பேர் செத்துக்கொண்டிருந்த நிலை மாறி, சாவு இருபதுக்கும் கீழே இறங்கியது. அங்கே கட்டு வைத்தியர் மகன் கல்லூரிக்குப் போனான். இங்கே கட்டும் கல்லூரியும் தனித்தனித் தெருவில் நின்றுவிட்டன.

பனித்தரையில் கற்ற பாடம்

என் மகள் வயிற்றுப் பேரன் கனடாவில் பனித்தரை ஹாக்கி ஆடுகிறான். சறுக்கிக்கொண்டே மோதும் ஆட்டம். 1959 நவம்பரில் மான்ட்ரியல் அணியின் கோல்காப்பாளர் ஜாக் பிளான்ட், முகத்தில் பந்தட்டு பட்டுத் தையல் போட்டுக்கொண்ட பிறகு, முகமூடி இல்லாமல் ஆடமாட்டேன் என்று திரும்பினார். 1968 ஜனவரியில் பில் மாஸ்டர்டன் என்ற ஆட்டக்காரர் பின்னால் விழுந்து தலை அடிபட்டு இரண்டு நாளில் இறந்தார். அவர் தலையில் கவசம் இல்லை. 1979இல்தான் புதிதாகச் சேரும் ஆட்டக்காரருக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 2001இல் பனி ஹாக்கி, கால்பந்து, ஒலிம்பிக் அமைப்புகள் வியன்னாவில் கூடி, விளையாட்டில் தலை அதிர்ச்சி பற்றி முதல் உலக மாநாட்டை நடத்தின. 2012 சூரிக் மாநாடு, தலை அதிர்ந்தவன் அன்றைக்கே மறுபடி களத்தில் இறங்கக்கூடாது என்று உறுதியாகச் சொன்னது. 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாடு ஒரு படி மேலே போய், இருண்ட அறையில் முடக்கிவைக்கத் தேவையில்லை, ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு நடை, பிறகு ஓட்டம் என்று படிப்படியாகப் போகலாம் என்றது.

போன வருஷம் பேரன் பலகையில் மோதி விழுந்தான். எழுந்து "ஒண்ணும் இல்லை" என்றானாம். பயிற்சியாளர் உள்ளே விடவில்லை. படிப்படியாகத்தான் சேர்த்துக்கொண்டார். போனில் கேட்டபோது எனக்கு எங்கள் காலம் ஞாபகம் வந்தது. தலை சுற்றி உட்கார்ந்தவன் முகத்தில் சோடா தெளித்து, "ஆம்பளையா இருடா" என்று திரும்ப அனுப்பினோமே, எத்தனை பேரை! அறியாமையால் செய்தோம். இனி அந்தச் சாக்கு நமக்கு இல்லை.

பொங்கல் விழாவுக்கு ஒரு விண்ணப்பம்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் கபடியும் கயிறு இழுத்தலும் நடக்கின்றன. கோப்பைக்குச் செலவிடுகிறோம். முதலுதவி தெரிந்த ஒருவரைக் களத்தருகில் நிறுத்துவதும் நம் கடமை. தலை அடிபட்டவனை அன்று திரும்ப ஆடவிடக்கூடாது. கட்டு யார் போட்டாலும், விரல் நுனி மரத்தாலோ குளிர்ந்தாலோ நிறம் மாறினாலோ அந்த நிமிஷமே அவிழ்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கூலி போகுமே என்று தயங்குகிற பிள்ளைக்கு அந்த வாரக் கூலியைச் சங்கமே கொடுக்கலாம். சேரர் காலத்தில் வேப்பிலை செருகி விழித்திருந்தவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

தம்பி இப்போதும் மூணாறு மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போகிறான். யாராவது விழுந்தால் முதலில் ஓடுவது அவன்தான். ஓடிப்போய் விரலைத் தொட்டுப் பார்ப்பான்.