தளத்திற்கும் தரைக்கும் இடையே: சென்னையின் தாழ்தளப் பேருந்துகளும் அணுகல் உரிமையும்

தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் துணையாளும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். அந்த ஆணை வந்தபோது சென்னைப் பேருந்துகளில் பெரும்பாலானவற்றின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் உயரத்தில், செங்குத்தான படிகளுக்கு மேலே இருந்தது. பயணச்சீட்டின் விலையை நீக்கிய அரசு படிகளைத் தொடவில்லை. இயலாமையை வறுமையின் ஒரு வகையாகப் பார்த்துச் சலுகையால் ஈடுகட்டும் பழக்கம் நம் நிர்வாகத்தில் நெடுநாளாக உண்டு. சக்கர நாற்காலியில் இயங்குபவரிடம் அந்தப் பழக்கம் செல்லாது. அவர் கேட்பது ஏறும் வழி.

இந்திய நகரப் பேருந்துகளைத் தள உயரத்தை வைத்து 400, 650, 900 மில்லிமீட்டர் என மூவகையாகப் பகுப்பது வழக்கம். சாய்தளத்தை விரித்து நாற்காலியோடு ஏற்றக்கூடியது முதல் வகை மட்டுமே. அதை வாங்குவது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், சாலைகள் மோசம், மழைக்காலத்தில் நீர் தேங்கும், விலை கூடுதல் என்ற காரணங்களை அரசுத் தரப்பு முன்வைத்தது. விலை பற்றிய வாதம் பொய்யல்ல. தாழ்தளப் பேருந்துக்குச் செலவு கூடும், இருக்கைகளும் சற்றுக் குறையும். சாலை பற்றிய வாதம்தான் விசித்திரமானது. சாலையைச் செப்பனிட வேண்டியதும் அரசு, பேருந்தை வாங்க வேண்டியதும் அரசு. ஒரு துறையின் குறை இன்னொரு துறைக்குச் சாக்காகும்போது, இரண்டு துறைகளும் செய்யாததன் சுமை பயணியின் தலையில் விழுகிறது.

சட்டம் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு நிறுத்தங்களில் இருக்கவேண்டிய வசதிகள், போக்குவரத்து ஊர்திகள், சாலைகள் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. தொழில்நுட்பச் சாத்தியம், பொருளாதாரச் சாத்தியம் என்னும் நிபந்தனைகள் அதில் வருவது உண்மை. ஆனால் அவை பழைய ஊர்திகளை மாற்றியமைப்பது பற்றிய சொற்களை ஒட்டியே நிற்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பேருந்துக்குக் காட்டிய இரக்கத்தை இன்னும் பிறக்காத பேருந்துக்கும் நீட்டுவது வாசிப்புப் பிழை என்பது என் கருத்து. 2024 நவம்பரில், அணுகல் உரிமை பற்றிய ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இச்சட்டத்தின் கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகளில் 15(1) ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாயத் தரம் கேட்ட சட்டத்தின் கீழ் வெறும் பரிந்துரைகளை வைத்தது அந்த விதியின் குறை. பேருந்து உடற்கட்டமைப்புத் தரமும் அதே விதியில்தான் இடம்பெற்றிருந்தது.

நிலைமை மாறாமல் இல்லை. 2024 ஆகஸ்டில் சென்னையில் 58 தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025 ஜூனில் 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் சேர்ந்தன. இந்த எண்களைப் பாராட்டலாம். ஆனால் இவை எதை அளக்கின்றன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாய்தளத்தின் நீளம் ஒரு மீட்டர் என்று கொள்வோம். பேருந்து நடைபாதையை ஒட்டி நின்று, நடைபாதை 150 மில்லிமீட்டர் உயரம் இருந்தால், ஏற வேண்டியது 250. சரிவு நான்குக்கு ஒன்று. துணைக்கு ஒருவர் தள்ளினால் சிரமப்பட்டு ஏறலாம். பேருந்து நடுச்சாலையில் நின்றால் ஏற வேண்டியது முழு 400. சரிவு இரண்டரைக்கு ஒன்று. அது ஏற்றம் அன்று, சுவர். கட்டடங்களில் நாம் கேட்பது பன்னிரண்டுக்கு ஒன்று. பேருந்து ஒரு பக்கமாகச் சற்றுத் தாழ்ந்துகொடுக்கும் வசதி சில சென்டிமீட்டரைக் குறைக்கும். இந்த வேறுபாட்டை அழிக்காது. ஆக, ஒரே பேருந்து ஒரு நிறுத்தத்தில் அணுகத்தக்கதாகவும் அடுத்த நிறுத்தத்தில் அணுக முடியாததாகவும் இருக்கிறது. நிழற்குடையை மறித்து நிற்கும் ஆட்டோ, உடைந்த நடைபாதை, நிறுத்தத்தைத் தாண்டி இரண்டாம் தடத்திலேயே கூட்டத்தை இறக்கிவிடும் ஓட்டுநரின் அவசரம் ஆகியவைதான் அந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. இவற்றில் ஒன்றுகூடக் கொள்முதல் ஒப்பந்தத்தில் வராது.

அணுகல் என்பது பேருந்தின் பண்பன்று. பேருந்தும் தரையும் சந்திக்கும் அந்த நொடியின் பண்பு. மெட்ரோவில் தளமும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் அமைந்ததற்குக் காரணம், இரண்டையும் ஒரே நிறுவனம் வரைந்தது. பேருந்தில் ஊர்தி போக்குவரத்துக் கழகத்தினுடையது. நிறுத்தமும் நடைபாதையும் பெரும்பாலும் மாநகராட்சியினுடையவை. சில சாலைகள் நெடுஞ்சாலைத் துறையினுடையவை.

சக்கர நாற்காலியில் வருபவர்களே அரிது, அவர்களுக்காக இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. ஏற முடியாத பேருந்தில் ஏறியவர்களை எண்ணி வந்த முடிவு அது. முதியோரும் கர்ப்பிணிகளும் பயன்பெறுவார்கள் என்று இதற்கு மறுமொழி சொல்வது வழக்கம். உண்மைதான், ஆனாலும் எனக்கு அதில் தயக்கம் உண்டு. பெரும்பான்மைக்கும் நன்மை என்று காட்டித்தான் உரிமையை நிறுவ வேண்டுமென்றால், அது உரிமையாக இராது.

எண்ண வேண்டியது வேறு. நடத்துநர்களின் கையில் இப்போது மின்னணுப் பயணச்சீட்டுக் கருவி இருக்கிறது. சாய்தளம் விரிக்கப்பட்டதா, கேட்டும் விரிக்க முடியாமல் போனதா, எந்த நிறுத்தத்தில், என்ன காரணத்தால் என்பதை அதிலேயே பதியலாம். அந்தப் பதிவை மாதந்தோறும் வெளியிட்டால், எந்த நிறுத்தத்தின் நடைபாதையை முதலில் உயர்த்துவது, எங்கே ஆட்டோக்களை அகற்றுவது என்பதை மாநகராட்சி ஊகிக்க வேண்டியிராது. சாலை சரியில்லை என்ற வாதத்தை அடுத்த வழக்கில் வைப்பவர், எந்தச் சாலை, யாருடைய சாலை என்றும் சொல்லியாக வேண்டும்.